ஐந்து நிமிடம்

டார்ட்டு நகரத்து மழலையர் பள்ளியில்
குட்டி நாற்காலி, இடிக்கும் என் முழங்கால்,
கையில் ஸ்டாப்வாட்ச்.
உக்குவுக்கு நாலு வயது. அவன் முன்னே
கட்டைவிரல் நீளத்தில் ஒரு வேப்.
சிமிழுக்குள் நிகோடின் இல்லை, பச்சைத்தண்ணீர்.

அமுக்கினான். திருகினான்.
அமுக்கிக்கொண்டே திருக வேண்டும் என்பது
எட்டவில்லை.
"பல்லையும் வைத்துப் பார்க்கலாம்" என்றேன்;
விதி அப்படிச் சொல்கிறது.
கடித்தான். எச்சில் வழிந்ததே தவிர
மூடி அசையவில்லை.
பக்கத்தில் லேனு, தன்னுடையதை எப்போதோ கீழே போட்டுவிட்டு
ஷூ நாடாவை மென்றுகொண்டிருந்தாள்.

மதியம் பெரியவர்கள் முறை.
ஹெல்துருக்கு அறுபத்தெட்டு, விரல்கணு எல்லாம் வீக்கம்.
முக்கி முனகித் திறந்தார். மூடினார்.
"வீட்டிலென்றால் மூடவே மாட்டேன்."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
திறந்தார்: ஆம்.
மூடினார்: ஆம்.

காலையில் நடந்ததில் ஒன்று விட்டுப்போயிற்று.
ஐந்தாம் நிமிடம் முடியும் தறுவாயில்
உக்கு அதை என் உள்ளங்கையில் வைத்து
"நீ திற" என்றான்.
திறக்கவில்லை என்று எழுதினேன்,
அதாவது தேர்ச்சி.

இப்போது இரவு.
சமையலறை ஜன்னலோரம்
நேற்று நிரப்பிய என்னுடைய வேப்.
மூடியைத் தேடுகிறேன்.
அடுத்த அறையில்
யாரோ புரண்டு படுக்கும் சத்தம்.