பயிர் என்ற கட்டத்தில்

மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.
பாலிக் புலாவ் மலைச்சரிவில்
பதினெட்டு வருடமாக யாரும் கத்தி வைக்காத கித்தாக்காடு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிச் சேர்த்த சேமநிதியை
மொத்தமாக எடுத்து வாங்கினேன்.
அண்ணன் அருமைநாதன் போனில் சிரித்தான்:
"கொண்டோ வாங்கியிருக்கலாமே சகுந்தி,
லிஃப்டாவது இருந்திருக்கும்."

முதல் மாதம் சுத்தம் செய்தேன்.
அந்தச் சொல்லை நம்பி
ஒரு பக்கச் சரிவை மொட்டையடித்தேன்.
அடுத்த மழையில் அந்த மண் முழுக்க
கெங் ஹுவாட்டின் மீன்குளத்தில் போய் உட்கார்ந்தது.
அவர் திட்டவில்லை. மண்வெட்டியை நீட்டினார்.
மூன்று ஞாயிறு
அவர் குளத்தில் இடுப்பளவு சேற்றில் நின்றேன்.
மூன்றாம் ஞாயிறு தேநீர் கிடைத்தது.

இப்போது கொடிகளை மட்டும் அறுக்கிறேன்.
அதுவும் எல்லாவற்றையும் அல்ல.
மரத்தின் கழுத்தை நெரிப்பது எது,
அணிலுக்குப் பாதையானது எது என்று
அண்ணாந்து நின்று, சில நாள்
முடிவெடுக்காமலே இறங்கிவிடுகிறேன்.
பட்டுப்போன டுரியான் மரத்தை வெட்டச் சொன்னார்கள்.
வெட்டவில்லை.
அதன் பொந்துக்குள் ஏதோ இருமுகிறது.

இருபத்தாறு வருடம்
மேலிருந்து கீழே பார்த்த கழுத்து இது.
கீழிருந்து மேலே பார்க்கப் பழக்குகிறேன், வலிக்கிறது.
ஓர் அந்தியில்
மரப்பட்டையில் ஒரு துண்டு கழன்று
காற்றில் விரிந்து
எதிர் மரத்தில் ஒட்டிக்கொண்டது.
வயிற்றில் குட்டி.
மலாயில் குபோங் என்றார் ஹஸ்னான்.
தமிழில் என்னவென்று கேட்டார்.
கொடியில் உலர்ந்த போர்வை
தானே வீடு மாறியதைப் போல இருந்தது, ஆனால்
அது பெயர் இல்லையே.
தெரியாது என்றேன்.

சைக்கிள் பிரேக் கம்பியில் செய்த சுருக்குகள்
நாற்பத்தொன்றை அறுத்துப் பழைய மைலோ டின்னில் போட்டிருக்கிறேன்.
நாற்பத்திரண்டாவதை
எனக்கு முன்பே மரநாய் கண்டுபிடித்தது.
இரண்டு இரவாவது இழுத்திருக்கும்.
சுற்றிலும் மண், வட்டமாக,
உழுததைப் போல.
அந்த இடத்தில் நான் எதையும் நடவில்லை.

நில அலுவலகத்திலிருந்து கடிதம்.
நிலம் தரிசாகக் கிடப்பதாக யாரோ புகார்.
கவுண்டரில் புவான் ரொஸ்மினி பாரத்தைத் திருப்பி வைத்தார்.
பயிர் என்று ஒரு கட்டம்,
கட்டைவிரல் நகம் அளவு.
என்ன எழுத?
இரவில் வந்து பூவைக் குடித்துப் போகும் வௌவால்களையா,
அவற்றால் காய்க்கும் பக்கத்துத் தோட்டத்தையா,
மழைக்குப் பின் தெளிந்தே ஓடும் ஓடையையா?
பொய் எழுதவும் கை வரவில்லை.
ஓடையோரம் யாரோ எப்போதோ நட்ட
ஜாதிக்காய் மரங்கள் நினைவுக்கு வந்தன.
எழுதினேன்: ஜாதிக்காய்.
எத்தனை? பதினொன்று.
"போதுமா?" என்று கேட்டேன்.
அவர் என் நகங்களைப் பார்த்தார்,
முத்திரையை மையில் ஒருமுறை கூடுதலாக அழுத்தினார்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது.
அந்தப் பதினொன்றின் அடியில்
உதிர்ந்ததையெல்லாம் முள்ளம்பன்றி
எனக்கு முன்பே தின்று தீர்த்திருந்தது.
டார்ச்சைத் தாழப் பிடித்து
எல்லையோரமாக நடக்கிறேன்.
குனிந்து குனிந்து
ஒவ்வொரு மெல்லிய வேரையும்
விரலால் தொட்டுப் பார்க்கிறேன்,
கம்பியா என்று.