பவுசர்க்காரன் சொல்லாமல் விட்டது

பாதிரியார் வாசித்த வாழ்க்கைக் குறிப்பு
இரண்டு பக்கம்.
திருமணம், நான்கு பிள்ளைகள், பதினெட்டு மாடுகள்,
ஏர்ன்ஸ்டுக்குத் தீயணைப்புப் படையில் முப்பத்தொரு வருடம்,
ஹெட்விக்குக் கோயில் சமையலறை,
வியாழன்தோறும் பதினொரு வீட்டுக்குச் சாப்பாடு.
ஒக்டோபரில் அவ, பெப்ரவரியில் அவர்;
குறிப்பில் இடையே
ஒரு காற்புள்ளிதான் இருந்தது.

நான் கடைசி வாங்கில்,
இரவல் கழுத்துப்பட்டியோடு.
"நீங்களும் ஏதாவது சொல்லுங்கள்" என்று
மகள் ரெகுலா கேட்டிருந்தாள்.
எனக்கு அவர்களைத் தெரிந்ததெல்லாம்
ஒன்றுவிட்ட ஒருநாள்
விடியப்புறம் மூன்று நாற்பதுக்கு,
பன்னிரண்டு நிமிடம்.
பால் ஏறி முடியும் நேரம் அவ்வளவுதான்.

முதல் பனிக்காலம்
லாங்னாவுக்கு மேலே அந்த வளைவில்
பவுசர் வழுக்கி வாய்க்காலில் சரிந்தது.
ஏர்ன்ஸ்ட் ட்ராக்டரோடு வந்தார்,
சங்கிலி கொளுவினார், இழுத்தார்,
ஒரு சொல் இல்லை.
மற்ற முறை போனால் வளைவில் மணல்.
பிறகு இருபத்திரண்டு பனிக்காலம்
மணல் இல்லாமல் அந்த வளைவை நான் கண்டதில்லை.

கேதீஸ்வரன் என்ற என்னை
ஹெட்விக் 'கேத்தி' என்று சுருக்கினா.
அது இந்தப் பக்கத்தில் பெண்ணின் பெயர்
என்பதை மூன்று வருடம் யாரும் சொல்லவில்லை.
சொன்ன அன்று அவ வாயைப் பொத்திச் சிரித்தா,
கோப்பிக்கு இரண்டு கரண்டி சீனி
கூடப் போட்டா.

ஒருக்கால், பழைய பள்ளிக்கூடத்தில்
அகதிகளை இருத்துவதா என்று ஊர்க்கூட்டம்.
கத்தினார்களாம், மேசையில் குத்தினார்களாம்.
அவ எழும்பிக் கேட்டது ஒன்றே:
"அங்கே சமையலறையில்
எத்தனை சட்டி இருக்கு?"
யாருக்கும் தெரியவில்லை.
எண்ணிப் பார்க்க நாலு பேர் போனார்கள்.
எனக்கு இதைச் சொன்ன சீஸ்காரன்
அன்று குத்தியவர்களில் ஒருத்தன்.

தெய்வங்கள் என்று சொல்ல வரவில்லை.
ஒரு பேரிக்காய் மரத்துக்காகப் பக்கத்து வீட்டோடு
ஒன்பது வருடம் இழுபட்டவர் ஏர்ன்ஸ்ட்.
வழக்கும் தோற்றார், பேச்சும் விட்டார்.
அந்த வீட்டுக் கிழவனுக்கும் வியாழக்கிழமை சாப்பாடு போனது,
உப்புக் குறைத்து.
கொண்டுபோனது ஹெட்விக்.
கார் ஓட்டியது ஏர்ன்ஸ்ட்;
இறங்கமாட்டார்.

இதைத்தான் சொல்ல நினைத்தேன்:
ஒரு ஜூன், வைக்கோல் நாட்கள்.
பவுசர் முற்றத்தில் திரும்பவும்
கையை விரித்துக் குறுக்கே நின்றார்.
ஊசி போட்ட மாட்டின் பால்
நித்திரைத் தூக்கத்தில் தொட்டிக்குள் போய்விட்டதாம்.
"என்னுடையதை எடுக்காதே,
உன்னுடையதும் பழுதாகும்."
பிறகு தானே அடைப்பைத் திறந்தார்.
எண்ணூறு லீட்டர்
வெள்ளையாய்ச் சாணிக்குழிக்குள் போனது.
மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றோம்.
மூன்றாவது ஆள் கொட்லீப்,
அவருடைய தம்பி.
பிறந்ததிலிருந்து பேச்சில்லை.
நாற்பத்தாறு வருடம் அவர்களின் மேசையில்
ஜன்னல் பக்கக் கதிரை அவனுக்கு.
எனக்கு டோர்ச் பிடிப்பது அவன் வேலை;
யார் கொடுத்த வேலையோ.

கோயிலில் நான் எழும்பவில்லை.
எழும்பியிருந்தால் ஜெர்மன் காலை வாரியிருக்கும்.

சாப்பாட்டு மண்டபத்தில் நாலரை மணிக்கே
கதிரைகள் அரைபடத் தொடங்கின.
பெட்டி சுமந்தவர்கள்தான் முதலில் எழும்பினார்கள்.
ஐந்து மணிக்கு மாடு கறக்க வேண்டும்.
ரெகுலா கறுப்புச் சட்டையோடே
சப்பாத்தை மாற்றிக்கொண்டு ஓடினாள்.

அன்றிரவும் என்னுடைய முறை.
வளைவில் புது மணல்.
யார் போட்டது என்று கேட்க ஆளில்லை.
தொட்டியில் எழுநூற்றுத் தொண்ணூறு, நாலு பாகை.
கொட்லீப் நின்றான்,
செத்தவீட்டுக் கோட்டு,
கீழே மாட்டுக்கொட்டில் பூட்ஸ்.
பூட்டுவாயில் வெளிச்சம் பிடித்தான்.
நான் குழாயைக் கழற்றும்வரை
அது ஆடவில்லை.