கவ்வி

நார்த் லேக் துறைமுகத்தில் இன்னும் விடியவில்லை.
ரீலின் பொன்னிறத் தகடு பனியில் வியர்த்திருக்கிறது.
அந்தக் காசுக்கு ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம்
என்பார் வங்கிக்காரர்.
காரில் போய் சூரை பிடிக்கலாமா என்பேன்.

அடி வளைந்த தூண்டில்கழி இரண்டு,
இருநூறு ராத்தல் தாங்கும் நரம்பு,
வாலில் சுருக்குப் போட வடம்,
ஈட்டி, முக்கால் டன் ஐஸ்.
அப்புறம் ஒரே ஒரு அடையாளச் சீட்டு.
இந்தப் பருவத்துக்கு என் படகுக்கு
ஒரு நீலத்துடுப்புச் சூரை, அவ்வளவுதான்.

இத்தனையும் தொங்குவது
சுண்டுவிரல் நகமளவு கவ்வி ஒன்றில்.
நரம்பை முள்ளின் காதில் கோத்து மடக்கி
இடுக்கியால் நசுக்குகிற சின்னக் குழாய்.
கூட நசுக்கினால் நரம்பு அறும்.
குறைய நசுக்கினால் வழுக்கும்.

போன செப்டம்பரில் அன்செல்ம் என்னோடு இருந்தான்.
நசுக்கி முடித்த ஒவ்வொன்றிலும்
மகளின் பச்சை நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பான்,
சரிபார்த்தாயிற்று என்பதற்கு.
கல்யாணத்துக்கா அனுப்புகிறாய் என்று சிரிப்பேன்.

அன்றைக்கு இழுத்தது அவன், சுக்கானில் நான்.
படகோரம் வந்த மீன்
ஒரு கண்ணைக் காட்டிவிட்டுப் போனது.
நரம்பு வெறுமனே மிதந்தது.
நுனியைப் பார்க்கவில்லை, வெட்டி எறிந்தேன்.
"உன் கவ்வி" என்றேன்.
துறைமுகம் கேட்க இன்னொரு முறையும் சொன்னேன்.
அக்டோபரில் அவன் டூசெட் வீட்டுப் படகுக்குப் போய்விட்டான்.

இன்று காலை ஒன்பதே கால்.
பட்டத்துக் கயிற்றின் கீழே துள்ளிய கானாங்கெளுத்தி
இருந்த இடத்தில் ஒரு குழி.
ரீல் அலறியது.
நானூறு மீட்டர், ஒரே மூச்சில்.
தடையைக் கூட்டாதே கூட்டாதே என்று வாய் சொல்ல
கை கூட்டியது.
புதுப் பையன் லாக்லின் சுக்கானைத் திருப்ப,
பதினொன்றரை வரை
நானும் அதுவும் விட்டுக்கொடுக்கவில்லை.

வந்தது. சமையலறைக் கதவைவிட நீளம்.
ஈட்டி இறங்கியது, வால் சுருக்கில் விழுந்தது,
தண்ணீர் சிவந்து, மறுபடி கறுத்தது.

தாடையின் வலது மூலையில் என் முள்.
இடது மூலையில் இன்னொன்று,
துருவேறி, பாதி சதைக்குள்.
அதிலிருந்து ஒரு சாண் நரம்பு,
நரம்பில் கவ்வி, அசையாமல்.
கத்திமுனையால் பாசியைச் சுரண்டினேன்.

பச்சை.

நுனி, அரத்தில் தேய்த்ததுபோல் சப்பையாய் இருந்தது.
சுக்கான் தகட்டில் உரசிய நரம்பு
அப்படித்தான் அறும்.

சீட்டை வாலில் கட்டினேன்.
கை கழுவாமல் வானொலியை எடுத்தேன்,
எல்லாப் படகும் கேட்கிற பத்தாம் அலைவரிசையில்.
"அன்செல்ம், ரோடா பேசுகிறேன்.
உன் கவ்வி விடவில்லை.
ஒரு வருஷமாக."

இரைச்சல்.
எங்கோ யாரோ பொத்தானை அழுத்தி,
பேசாமல் விட்டார்கள்.

பழைய முள்ளை அறுத்து எடுக்கவா
என்று லாக்லின் கேட்டான்.
விடு, என்றேன்,
கரையில் எடை போடுகிறவர்கள் பார்க்கட்டும்.