நூற்றுக்கு ஏழு

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
கொட்டை பிளப்பது என் வேலை.
நூறு கொட்டை, ஒரு கத்தி, ஒரு பதிவேடு.
இன்றைய சந்தூர் லோடில்
நூற்றுக்கு ஏழு.

ஏழாவதை மட்டும் நசுக்கவில்லை.
கிளிமூக்கு மாங்காய்க்குள்ளேயே வளர்ந்தும்
கிளியிடம் எதுவும் கற்காத மூக்கு,
கீழே வளைத்து நெஞ்சோடு மடித்து வைத்திருந்தது.
கத்திமுனை பட்டதும் செத்துப்போனது.
அரைமணி நேரம் செத்தே கிடந்தது.
சாப்பாட்டு மணி அடித்தபோது
ஒரு காலை நீட்டிப் பார்த்தது.

பிஞ்சு கோலிக்குண்டு அளவில் தொங்கும்போது
தோலில் வைத்த முட்டை.
புழு துளைத்துப்போன வழியை
சதையே மூடிவிடுகிறது.
மண்டிக்காரர் முகர்ந்து பார்ப்பார், அமுக்கிப் பார்ப்பார்,
விலையும் குறைக்கமாட்டார்.

வீட்டில் வேறு வண்டு.
அஞ்செட்டியிலிருந்து திம்மக்கா கொடுத்தனுப்பிய மொச்சையை
டப்பாவில் போட்டு மறந்திருந்தேன்.
திறந்தால் ஒவ்வொன்றிலும்
காம்பஸ் வைத்துச் சுழற்றிய வட்டம்.
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு.
ஓட்டமென்றால் அப்படி ஒரு ஓட்டம்.
மொத்தமே பத்துப் பன்னிரண்டு நாள்.
தின்னவேண்டியதையெல்லாம்
மொச்சைக்குள் புழுவாக இருந்தபோதே
தின்று முடித்துவிட்டதாம்.
இனி வாய் இருப்பது ஒரு மரியாதைக்கு.

இரண்டு மருந்துச் சீசா கழுவிக் காயவைத்தேன்.
மாம்பருப்போடு சின்னதை விட்டேன்,
மொச்சையோடு மூக்கனை.
எதற்கு என்று கேட்டால்
எனக்கும் தெரியாது.

மூன்றாம் நாள்
சின்னது கண்ணாடிச் சுவரிலேயே
நான்கு முட்டை ஒட்டிவைத்திருந்தது.
துளைத்துப்போக உள்ளே எதுவும் இல்லாத
நான்கு வெள்ளைப் புள்ளி.
பக்கத்திலேயே அதுவும் மல்லாந்து கிடந்தது.
தொட்டுப் பார்த்தேன். அது நடிக்கவில்லை.

மூக்கன் மொச்சையை மோந்துகூடப் பார்க்கவில்லை.
மூடியின் மடிப்பில் ஒண்டியிருந்தது.
அதற்குப் பசி தையில்தான்,
மாந்தளிரும் பூவும் வரும்போது.
அதுவரை ஒரு பட்டை வெடிப்பு போதும்.
ஆடி கழிந்தால் எங்களையும்
அடுத்த சீசனுக்குக் கூப்பிடுகிறோம் என்றுதான் அனுப்புவார்கள்.
கூப்பிடுவார்கள். பெரும்பாலும்.

"ஏழு எழுதியிருக்கிறாய், வாளியில் ஆறுதானே?"
சூப்பர்வைசர் முனிரத்தினம்.
ஓடிவிட்டது சார்.
"இது எங்கே ஓடும்?"
அவரும் இந்த வேலைக்குப் பழையவர்.

சாயங்காலம் கேட்டில் எல்லார் பையையும் சோதித்தார்கள்.
டிபன் பாக்ஸ், சீப்பு, பஸ் சில்லறை,
மூடி இறுகிய ஒரு சீசா.
வாட்ச்மேன் தூக்கி வெளிச்சத்தில் குலுக்கினார்.
"என்னம்மா இது, செத்த பூச்சி?"

ஆமாம் என்றேன்.
அதுவும்
ஒரு காலைக்கூட நீட்டவில்லை.