ஆயிரத்துக்கு எழுநூறு கிராம்

நான்காம் பாடம். வெளிநாட்டு உதவி.
புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்.
நன்மைகள் ஆறு, எண் போட்டு.
ஏழாவதாக ஒன்றும் இல்லை.

முக்கூடலில் புரட்டாசி வெயில்
தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தது.
கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டேன்.
அங்கிருந்து இங்கே ஓர் அம்பு:
கடன், மானியம், கோதுமை, நிபுணர்.
இங்கிருந்து அங்கே இன்னொன்று:
வட்டி, தாதுமணல்,
அவர்கள் கம்பெனிக்கே தரவேண்டிய காண்டிராக்ட்.
இரண்டாவது அம்பைத் தடிமனாக்கும்போது
சாக்பீஸ் ஒடிந்தது.

"துரை கப்பலேறிப் போய்விட்டார்,
கணக்குப்பிள்ளை இன்னும் போகவில்லை" என்றேன்.
முந்தின ராத்திரி
பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்லிப் பார்த்த வாக்கியம்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
பரீட்சையில் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது பெஞ்சில் முப்பிடாதி எழுந்தாள்.
கத்திரி பிடித்துக் காய்த்த விரல்,
அதில் பேனா மசி.

"டீச்சர், இது எங்க வீட்ல நடக்கதுதான?
ஆயிரம் பீடிக்கு எழுநூறு கிராம் இலை போடுவாவ.
பாதி ஓட்டை, பாதி சருகு.
எண்ணூறுதான் தேறும்.
மிச்சத்துக்கு நாமதான் கடையில இலை வாங்கணும்.
கடையும் அவுகளுக்குத்தான்.
சுத்திக் கொண்டு போனா
சரியில்லன்னு நாலு கட்டு கழிப்பாவ.
கழிச்சதத் திருப்பித் தரமாட்டாவ,
அதுக்கும் லேபிள் ஒட்டி வித்துருவாவ.
பொங்கலுக்கு மட்டும் ஒரு தூக்குவாளி,
கம்பெனி பேரு போட்டு."

உட்காரப் போனவள் திரும்பவும் நின்றாள்.
"வாளி நல்ல வாளிதான் டீச்சர்."

வகுப்பே சிரித்தது.
என் இரண்டு அம்புகளுக்கு நடுவே
அந்த வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல்
பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப வேண்டாம்னு சொல்லிர வேண்டியதுதான?"
ஜெபகிளாட்சன். ஜன்னலோரம்.
அவன் அப்பா துபாயில்.

"ஒரு வாரம் இலை வாங்காம இருந்து பாருல"
என்றாள் அவள், திரும்பாமலே.

பதினொன்றரைக்குத் தலைமையாசிரியர் வந்தார்.
பின்னால் இரண்டு பேர், கழுத்தில் அட்டை.
திறன்பலகை தந்த அறக்கட்டளைக்காரர்கள்.
பலகையின் பல்ப் ஆடியிலேயே போய்விட்டது.
அவர்கள் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும்,
கடை சென்னையில்,
ஒரு பல்பின் விலையில்
இந்த அறைக்கு நாலு மின்விசிறி மாட்டலாம்.

எரியாத பலகையைக்
கரும்பலகைக்கு முன்னால் இழுத்துவிட்டார்கள்.
வட்டமும் அம்பும் பின்னால் போயின.
ஓரத்தில் 'தாதும' மட்டும்
வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
"எல்லாரும் கொஞ்சம் சிரிங்க."
சிரித்தோம்.

பிள்ளைகளிடம் ஒன்று நான் சொல்லியிருக்கவில்லை.
என் ஏழாயிரமும் அவர்கள் தருவதுதான்.
மார்ச் வரைக்கும்.
அதற்கப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

ஆனால் அட்டைக்காரர்களில் ஒருவர்
நல்லவர்போல்தான் இருந்தார், பாவம், வேர்த்துக்கொண்டு,
"சம்பளம் கரெக்டா வருதா மேடம்?" என்று
எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

கேமரா இருந்த பக்கம் ஒரு தலைகூட இல்லை.
எல்லாக் கண்ணும் என்மேல்.

"வருது சார்."

படிவம் நீட்டினார்கள்.
பயன்பாட்டு விவரம், நாள், வகுப்பு.
பயனாளிகள் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.

முதல் பெஞ்சுக்கு எப்போது வந்தாளோ முப்பிடாதி,
எட்டிப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னாள்,
கழித்த கட்டை எண்ணும் குரலில்:

"உங்கள விட்டுட்டீயளே டீச்சர்."

அடித்துவிட்டு நாற்பத்திரண்டு ஆக்கினேன்.
அடித்த இடத்தில்
சுருக்கொப்பம் வேண்டும் என்றார்கள்.
போட்டேன்.