ஒன்றரைச் சாண்

செபு நகரில் அப்போது
படங்கள் எடைக்குப் போயின.
கிடங்குக்காரர் வாடகை கேட்டார்.
தயாரிப்பாளரின் மருமகன் தராசோடு வந்தான்.
ஏழு சுருள். தகரப் பெட்டிகளுக்குத் தனி விலை.

வாங்கியவர் தியோஃபிஸ்தோ கபலூனா,
கார்கார் ஊரில் புத்தாண்டு ஊதுகுழல் செய்பவர்.
சுருளை வெந்நீரில் ஊறப்போட்டு
முகங்களை, மழையை, துரத்தல்களைச்
சுரண்டிக் கழுவி விடுவார்.
டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும்
கழுவ நேரமிருக்காது. அப்படியே சுற்றிவிடுவார்.

அந்த அவசரத்துக்கு நான் கடன்பட்டவள்.

எங்கள் காப்பகம் என்பது
ஒரு குளிர்பெட்டி, ஒரு மேசை, நான்.
மின்கம்பி மாற்றக் கூரைமேல் ஏறிய பையன்
கொண்டுவந்து வைத்தான், காகிதத்தில் பொதிந்து.
காடி வாசனை.
செத்துக்கொண்டிருக்கும் படத்துக்கும்
என் மதியக் கருவாட்டுக்கும் ஒரே வாசனைதான்;
மோந்து பிரித்தறிய எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

ஈரத்தில் வைத்து மூன்று நாள் பிரித்தேன்.
ஒன்றரைச் சாண் நீளம். நாற்பத்தொரு சட்டகம்.
இரண்டு நொடிகூடத் தேறாது.

ஒரு பெண். கதவு நிலை. திரும்புகிறாள்.
பின்னால் ஆணியில் ஓர் ஆண்சட்டை.
முப்பத்தெட்டாம் சட்டகத்தில்
யாரோ ஒரு குழந்தையின் பால்பல் பதிந்திருக்கிறது.
குரல் இல்லை:
குழலின் விளிம்பு ஒழுங்காக வரவேண்டுமென்று
ஒலிப்பட்டையைக் கத்தரித்திருந்தார் கபலூனா.

அடையாளம் காட்ட மூன்று பேர் வந்தார்கள்.
மூவரும் அழுதார்கள்.
மூன்று வேறு பெயர் சொன்னார்கள்.
மூன்றையும் பென்சிலில் குறித்துக்கொண்டேன்.

காது கேளாத தையற்காரி ஹொனொராத்தா
வேர்க்கடலை கொறித்தபடி
அறுபது தடவையாவது பார்த்திருப்பாள்.
பிறகு என் நோட்டை இழுத்து எழுதினாள்:
'அயாவ்.'
வேண்டாம்.

எழுந்து போனவள் வாசலிலிருந்து திரும்பி வந்து
தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.
அவள் வாய் இன்னும் மூடவில்லை.
அடுத்து ஒரு சொல் இருக்கிறது.

'உஸா' என்று வந்திருந்தால்
எங்கள் மொழியில் அது வேறு:
இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறு.
அவன் சட்டையை எடுத்துக்கொண்டு போனானா
அங்கேயே உட்கார்ந்தானா என்பது
அந்தச் சொல்லில் இருக்கிறது.

அந்தச் சொல் வேறொரு குழலில் இருந்தது.
எந்தத் தெருவிலோ, எந்தப் பிள்ளையோ
நள்ளிரவில் கன்னம் உப்ப ஊதி
விடிந்ததும் சாக்கடையில் போட்டிருக்கும்.
அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை.
கொஞ்சம் உண்டு.

பதிவேட்டில் நிரப்பினேன்.
மொழி: செபுவானோ.
ஓடும் நேரம்: ஒன்று புள்ளி ஏழு நொடி.
கதைச்சுருக்கம் என்ற கட்டத்தில்
'வேண்டாம்' என்று எழுதிப்
பக்கத்தில் ஒரு கமா போட்டேன்.

மணிலாவிலிருந்து வந்த அதிகாரி
பிழையென்று நினைத்து அதை அழித்தார்.
மறுபடி போட்டேன்.
இரண்டாம் முறையும் அழித்தார்.

இப்போது மையில் இருக்கிறது.