காலிச் சட்டம்

நுழைவாயில் சுவரில் ஐந்து சட்டங்கள்.
ஆணி அடித்தது நான்தான்,
பாடாங் செராய்ப் பள்ளி அலுவலகத்தில்
ஏணி ஏறத் துணிந்த ஒரே கிராணி.

முதலில் புவான் ஜுவைரியா, முதல்வர்.
கிளந்தான் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவரின் மகள்.
படத்தில் சிரிக்கமாட்டார்.
மாதக் கடைசியில் சிற்றுண்டிச் சாலைக் கணக்கைத் திறந்து
எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாக்கி என்று
விரல் வைத்து வாசிக்கும்போது பல் தெரியும்.
கோபமா, வேறு ஏதாவதா,
பதினோரு மாதமாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.
பாக்கியை அடைப்பது யார் என்று மட்டும் தெரியும்.
அது எந்தக் கோப்பிலும் இல்லை.

பக்கத்தில் மிஸ்டர் ஊய், துணை முதல்வர்.
இரும்புக்கடைப் பிள்ளை.
யாருக்காவது பிரசவ விடுப்பு என்றால்
பாடவேளைகளைத் திருகாணிபோல் மேசையில் கொட்டி
அளவு பார்த்துப் பொறுக்கிவைப்பார்.
ஒன்று எப்போதும் மிஞ்சும்.
அந்த வகுப்புக்கு அவரே போவார்.

மாணவர் நலன், தமயந்தி டீச்சர்.
வராத பையனைத் தேடிச்
செம்பனைக்குள் காரை விட்டு,
சக்கரம் சேற்றில் புதைந்து,
அந்தப் பையனே வந்து தள்ளிவிட்ட கதையை
அவர் சொன்னதில்லை.
பையன் சொன்னான்,
மறுநாள் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு.

புறப்பாடம், சிக்கு ஹஸ்புல்லா.
மாநில ஹாக்கிக் கோல் காவலர், முட்டி போகும்வரை.
இப்போது பஸ்காரனிடம் வாடகை பேசுகிறார்.
பந்தே தேவலாம் என்கிறார்.

ஐந்தாவது,
பிற்பகல் பிரிவு மேற்பார்வையாளர்.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘கோசோங்’.
உள்ளே கறுப்பு அட்டை, வெளியே கண்ணாடி,
எட்டு மாதம்.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு
ஆறாம் கட்டை பஸ் வந்து நின்றதும்
அதன்முன் வரிசை தொடங்கிவிடும்.
ரிப்பனைப் பல்லில் கடித்தபடி ஒருத்தி,
துடோங் ஊசியைத் தேடியபடி ஒருத்தி,
எச்சில் தொட்டு முடியைப் படியவைக்கும்
படிவம் ஒன்று வீரர்கள்.
யாரும் யாரையும் தள்ளுவதில்லை.
மேலதிகாரி இல்லாத இடத்தில்
இப்படியொரு ஒழுங்கை நான் கண்டதில்லை.

செப்டம்பரில் நியமனக் கடிதம் வந்தது.
குணாளன் சார், கணக்கு.
பெயர் எங்கோ பார்த்ததுபோல் இருக்க,
பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டினேன்.
இதே பள்ளி.
படிவம் மூன்று, ‘பெர்ஹெந்தி’.
பிறகு ஏழு வருடம் எந்தத் தாளிலும் அவர் இல்லை.
எட்டாம் வருடம் தனிப் பரீட்சார்த்தியாகத்
திடீரென்று ஓர் எண்.

அந்த ஏழு வருடம்
ஜொகூர் பலகை ஆலையா, சிங்கப்பூர்க் கப்பல்துறையா,
நேர்முகத்தில் கேட்டார்களோ என்னவோ,
நான் கேட்கவில்லை.
இடது கையில் ஒரு விரல் பாதிதான்.
பின்னம் நடத்தும்போது
அதைத்தான் உயர்த்திக் காட்டுகிறாராம்.

“படம் கொடுங்க சார், நீலப் பின்னணி.”
முதல் வாரம், கோட் தையல்காரனிடம்.
இரண்டாம் வாரம், போட்டோக் கடையில் கரண்ட் இல்லை.
மூன்றாம் வாரம்
இலாகா அதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல்.
நான் ஏணியோடு கிளம்பிவிட்டேன்.

தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார் சார்,
கைக்கடிகாரமும் வரிசையுமாக.
கண்ணாடியில் ஒரு குட்டிப் பெண்
திருநீற்றைச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.
“வியாழக்கிழமை ஆண்டு மலருக்கு
இவங்களுக்குப் படம் எடுக்கிறாங்க,” என்றார்.
“அதுவரைக்கும் நான் அங்க வேணாமே.”

ஏணியைத் திருப்பி எடுத்துவந்தேன்.
சோதனைப் படிவத்தில், ஐந்தாம் வரிசைக்கு நேரே,
நல்ல கையெழுத்தில் எழுதினேன்:
படம் அச்சில் இருக்கிறது.